பின் சக்கரத்துக்கு ஒரு விரல் தளர்வு

அருமைச் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், உன் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சுகம், முதுகைத் தவிர அப்பாவும் சுகம், அந்த முதுகுக்கு நீயும் உன் காரும்தான் பொறுப்பு. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சாப்பிடுகிறேன் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், காகிதம் என்றால் உன் வாய் அடைபட்டுக் கிடக்கும், அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் என்னவென்றால், "காரை வித்துடுங்கம்மா, நான் எப்ப வருவேனோ, அது எதுக்கு அங்க சும்மா நிக்கணும்" என்று நீ சொல்லிவிட்டாய் அல்லவா, அன்றைக்கு அப்பா சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்துபோய் ஷெட்டில் நின்றார். சும்மா எங்கேடி நிற்கிறது? தைத்து முடித்த பள்ளிச் சீருடை மூட்டைகளை அதில் ஏற்றிக்கொண்டு நான்தானே நாளெல்லாம் சுற்றுகிறேன். ஆனால் உன் அண்ணனுக்கு உன் பேச்சு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஏற்கெனவே பின் டயர் இரண்டும் உள்பக்கமாகவே தேய்ந்து கம்பி தெரிகிறது, மழைத் தண்ணீரில் பின்புறம் நழுவுகிறது, அம்மா இதை ஓட்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், உடனே ஆளும் பார்த்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவேன் என்றான். அதற்குள் கார் நேராக ஓடினால் விடுவாயா என்று அப்பா கேட்டார். ஓடட்டும், பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே போனான், அந்தச் சிரிப்புதான் அப்பாவைக் கிளப்பிவிட்டது.

முதலில் மரியாதையாகச் சக்கரம் சரிபார்க்கும் கடைக்குத்தான் போனோம். அந்தக் கடைக்காரர் காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இது என்னம்மா, தரையத் தடவிக்கிட்டு நிக்குது, என் மேடையில ஏத்தினா முன்பக்கம் உடைஞ்சிடும்" என்று கையை விரித்துவிட்டார். ஸ்பிரிங்கைக் குறுக்கிக் காரைத் தாழ்த்தினால் (நீ செய்ததுதான்) பின் சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்துக்கொள்ளும், முகமும் கோணிக்கொள்ளும், பழைய ஸ்பிரிங்கைப் போட்டுப் பழைய உயரத்துக்கே தூக்கிவிட்டால் பாதி நோய் தானாகப் போய்விடும், பிறகு கொண்டுவாருங்கள் என்றார். நல்ல யோசனைதான், பழைய ஸ்பிரிங்கும் ஷெட் பரணில் இருக்கிறது. நான் அப்பா முகத்தைப் பார்த்தேன், அவர் வந்து காரில் உட்கார்ந்துவிட்டார். வழியில்தான் சொன்னார், நாமே செய்வோம், அவள் செய்ததைப் பார்த்திருக்கிறோமே என்று. பார்த்தது உண்மைதான், நீ அன்றைக்குக் காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி அளந்தபோது நூல்கண்டு கொடுத்தது யார், நான். பாட்டெல்லாம் பாடிக்கொண்டு அளந்தாய், எங்களுக்குப் பாட்டுதான் ஞாபகம் இருந்தது.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷருக்கு வண்டிக்கு மேலே உட்காரத்தான் தெரியும், அடியில் படுக்கத் தெரியாது. பழைய ஜமுக்காளத்தை விரித்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் நீ வாங்கிவைத்த ஸ்டாண்டையும் முட்டுக்கொடுத்து (கவலைப்படாதே, அதில் நான் கறார்), மெதுவாக உள்ளே போனார், வெளியே வரத்தான் நான் காலைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பியில் ஒரு போல்ட் இருக்கிறதே, திருப்பினால் சக்கரத்தின் முகம் திரும்புமே, அதைத் தளர்த்துவதற்கு முன்னால் அது இருந்த இடத்தில் என் தையல் சாக்கட்டியால் கோடு போடச் சொன்னேன். நாலு சாப்பாட்டு நாற்காலிகளுக்கு நடுவே சக்கரத்தின் மையத்துக்கு நேராக இரண்டு பக்கமும் நூல் கட்டினோம், காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அது தன் எடையில் உட்கார்ந்த பிறகு அளந்தோம், இதெல்லாம் உன் புண்ணியத்தில் சரியாகவே செய்தோம். நூலிலிருந்து சக்கரத்தின் முன்விளிம்பை நான் அளந்தேன், பின்விளிம்பை அப்பா அளந்தார். முன்விளிம்பு இன்னும் உள்ளே போகவேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிக்கொண்டே இருந்தார், இவ்வளவு திருப்பணுமா என்று ஒரு தடவை கேட்டார், டேப் பிடிக்கிறது நீங்களா நானா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். எல்லாம் முடித்து ஓட்டிப் பார்த்தால், ஐயோ, கார் போகவே மாட்டேன் என்கிறது, வளைவில் டயர் அழுகிற அழுகையில் எதிர்வீட்டுக்காரர் சவரம் செய்த நுரையோடு வெளியே வந்துவிட்டார். இறங்கிப் பார்த்தால் சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அப்பா முதுகில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கும் மனசு விட்டுப்போய்விட்டது, சரி, போகிறதென்றால் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

மறுநாள் என் தையல் கடையில் ஒரு டீச்சரம்மாவுக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பைச் சுற்றிவிட்டுக் குனிந்து பார்க்கிறேன், டேப்புக்கு அடியில் என் விரல். தளர்வுக்காக ஒரு விரல் விடுவேனே, உடுத்துகிறவர்கள் மூச்சுவிட வேண்டாமா, அந்த விரல். கை தானாகச் செய்கிற வேலை அது, எனக்கே தெரியாது. நேற்று முன்விளிம்பு அளந்தபோதும் அந்த விரல் சக்கரத்துக்கும் டேப் நுனிக்கும் நடுவே இருந்திருக்கிறது! ஒரு விரல் அளவு குறைத்துக் குறைத்துச் சொல்லி அந்த மனுஷரைத் திருப்ப வைத்திருக்கிறேன். எனக்கு வந்த சிரிப்பில் டீச்சரம்மா கையைத் தூக்கியபடியே பயந்து நின்றுவிட்டார்கள், என் இடுப்பைப் பார்த்தா சிரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள், சமாதானம் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பாவுக்கு போன் போட்டேன். "காருக்கு எதுக்கு தளர்வு? நாளைக்கே தின்னு குண்டாகப் போகுதா?" என்றார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார் பார், நீ போன பிறகு அந்த மனுஷர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே சாக்கட்டிக் கோட்டிலிருந்து திரும்ப ஆரம்பித்தோம். இந்தத் தடவை டேப்பை அவர் பிடித்தார், நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணைப் படித்தேன், கையை மடியிலேயே வைத்துக்கொள்ளவேண்டும் என்று உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்தான், புது டயர் இரண்டும் அவனே கொண்டுவந்தான், வாங்குகிறவனுக்குத் தேய்ந்த டயரோடு கொடுத்தால் கௌரவமில்லையாம். மாட்டினான், ஓட்ட உட்கார்ந்தான், நான் பக்கத்தில், அப்பா பின்னால். கிடங்குகள் வரிசையாக இருக்குமே, அந்த நீளச் சாலையில் வேகமெடுத்து ஸ்டியரிங்கை மெல்ல விட்டான். கார் நூல் பிடித்தாற்போல் போயிற்று. ஓரமாகத் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேண்டுமென்றே விட்டான், அங்கேயும் பின்புறம் அசையவில்லை. நிறுத்தினான், இறங்கினான், டயரைத் தடவிப் பார்த்தான், எந்தக் கடையில் செய்தீர்கள் என்று கேட்டான். "தையல் கடையில" என்றார் அப்பா. அவன் அங்கேயே நின்று வாங்குகிறவருக்கு போன் பண்ணி, கார் கொடுப்பதாக இல்லை, மன்னிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாவியை என் கையில் வைத்தான். அதோடு விட்டானா, இவ்வளவு பாடுபட்டதற்கு உயரத்தைக் கூட்டியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே என்று கேட்டான். நீ அதைத் தாழ்த்தியபோது, இதென்ன கார் வயிற்றால் ஊர்கிறது என்று வீட்டை இரண்டாக்கியவர் யார்? அதே அப்பாதான் சொன்னார், "உயர்த்திட்டா அது வேற கார். அவ வந்து நின்னு எங்கப்பா என் கார்னு கேட்டா, நான் எதக் காட்டுறது?" உன் அண்ணன் மறுபடி டயரைப் பார்க்கக் குனிந்தான், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதனால் இனிமேல் வித்துடுங்க என்ற பேச்சே வேண்டாம். நீ விட்டுப்போன உயரத்திலேயே கார் நிற்கிறது, சாவியும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. நேரத்துக்குத் தூங்கு, குளிரில் காதை மூடிக்கொள், வேலையிடத்தில் யார் என்ன சொன்னாலும் மனசில் போட்டுக்கொள்ளாதே. நீ நோய்நொடி இல்லாமல், எடுத்ததெல்லாம் ஜெயித்து நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. வருகிற தேதியை மட்டும் முன்னாடியே சொல், நானே ஓட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போகிறேன். பெட்டி நிறையக் கொண்டுவராதே, பின்னால் கனம் ஏறினால் அடி இடிக்கும் என்கிறார் அப்பா, நீ மட்டும் வந்தால் போதும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா
(முதுகைப் பிடித்துக்கொண்டு அப்பாவும்)