வெள்ளிக்கிழமைக் கூட்டம்

செவ்வாய், இரவு

ஆபீஸ் சர்வரோடு ஒத்துப்போகிற காலண்டர் சாஃப்ட்வேர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லியிருந்தார் மேனேஜர். முதல் இரண்டும் உதவாது. சர்வரில் இருப்பதைக் காட்டும், நாம் போடுவதை அனுப்பாது. மூன்றாவதைச் சோதிக்க, பொதுக் காலண்டரில் வெள்ளிக்கிழமைக்கு ஒரு பொய்க் கூட்டம் போட்டு ஸ்டெல்லா பெயரைச் சேர்த்தேன். வேறு பெயர் கிடைக்காமல் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்தவள், வெள்ளிமலைக் கிளைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து அவளைப் பார்க்கவே இல்லை.

உடனே அவளிடமிருந்து போன் வந்தது.

"இன்னா கூட்டம்ங்க? மொத பஸ்ஸுலயே மலையெறங்கி வந்துடுறேன். மத்தியானம் சாப்பாடு நீங்கதான் வாங்கித் தரணும்."

"கூட்டம்லாம் இல்ல. டெஸ்ட்டு. அழிச்சிடு."



"அதானே பாத்தேன். டெஸ்ட்டு பண்ணத்தான் என் ஞாபகம் வருது உங்களுக்கு."

மலையில் அவள் அழித்ததும் என் திரையிலும் அழிந்தது. இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. இதற்காகத்தான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சந்தோஷம்தான் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அதே வெள்ளிக்கிழமை, அதே பெயர். கூட்டத்தின் பொருள் என்ற இடத்தில் 'மத்தியானச் சாப்பாடு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். பொதுக் காலண்டர், மேனேஜரும் பார்ப்பார். பார்க்கட்டும். அங்கே சிக்னல் இல்லையோ என்னவோ, என் திரையில் அது இன்னும் அழியவில்லை.