லெட்சு ஏன் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டேன்

அன்பு மச்சான் சுப்பையா,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதவில்லை, உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது. இப்போது கோபத்தில் எழுதுகிறேன்.

செடெனாக் ஊரிலிருந்து உள்ளே போகும் நம் ரப்பர் தோட்டத்தை விற்கிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. உன் மனைவி, என் தங்கை லெட்சுமி, இளமை முழுக்க அங்கே பால் மரம் வெட்டியவள். மாற்று வீடு தருவதாகப் பழைய மேனேஜர் கையெழுத்திட்ட கடிதம் உனக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு கடிதமே கிடையாது என்கிறது நிர்வாகம். அசல் வெள்ளத்தில் கரைந்து போனது. நகல் இருப்பது உன் ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான்.

அதுவும் எப்படி இருக்கிறது? ஸ்கேன் செய்த பக்கங்கள் இடம் கொள்ளவில்லை என்று, நூலகப் புத்தகத்தைப் பார்த்து நீயே ஒரு புரோகிராம் எழுதி, அதில் சுருக்கி வைத்தாய். பெண்டாட்டி பெயரையே அதற்கும் வைத்தாய். லெட்சு சுருக்கியதை லெட்சுதான் விரிக்க முடியும்.

உன் பழைய கணினி போன மாதம் செத்துவிட்டது. டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். பழைய லெட்சு புதுக் கணினியின் லினக்ஸில் ஓடவில்லை. சரி, நீ எழுதியதிலிருந்தே மறுபடி உருவாக்கலாம் என்று, எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரிடம் கொடுத்தேன். முன்பெல்லாம் ஏதோ முணுமுணுத்துவிட்டு வேலையை முடித்துத் தரும். இப்போதைய கம்பைலர் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இந்தக் கம்பைலரைச் செய்தவர்கள் பழைய ஆட்களின் உழைப்பை மதிக்கத் தெரியாதவர்கள் என்று இணையத்தில் எழுதித் தள்ளினேன். ‘ஐயா, அது என்ன சொல்கிறது என்று படித்தீர்களா?’ என்று ஒருவர் கேட்டார். அவரையும் திட்டினேன்.

பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாம் வேலை பார்த்த பாசிர் கூடாங் ஆலையில், கட்டுப்பாட்டு அறையில், அலாரம் அடித்தால் நாம் முதலில் என்ன செய்வோம்? பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்துவோம். அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. பிழையை எச்சரிக்கையாக இறக்க ஒரு கட்டளை, எச்சரிக்கையை வாய் மூட இன்னொரு கட்டளை. கம்பைலர் அடங்கியது. லெட்சு உருவானது. கோப்பை விரிக்கச் சொன்னேன். பாதி வழியில் சுருண்டு விழுந்தது.

லெட்சுமிக்காக வாதாடும் வக்கீல் பையன் கையை விரித்துவிட்டான். “ஃபைல் கெட்டுப் போச்சு அங்கிள். விட்டுருங்கலா. அவங்க குடுக்கிற காச வாங்கிக்கிட்டு சைன் பண்ணிடலாம்.”

“எந்த ஃபைலும் கெடல. நீ வேணும்னா போய் சைன் பண்ணு” என்றேன்.

லெட்சுமி தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “என் பேர வச்சிருக்கு, எனக்கே உதவ மாட்டேங்குதா? அது என்னதாண்ணே சொல்லுது?”

“அது வாய நான்தான் மூடி வச்சிருக்கேன்.”

“அலமாக்! வாய மூடிட்டு ஏன் பேச மாட்டேங்குதுன்னு நீங்களே கத்துறீங்களே. தொறந்து விடுங்கண்ணே.”

திறந்தேன். ஒவ்வொரு வரியாக அவளுக்குத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே என் குரல் இறங்கிவிட்டது.

மச்சான், பிழை உன்னுடையது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். பக்கங்கள் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று முகவரி தரும் ஒரு செயற்கூறை வேறொரு கோப்பில் எழுதிவிட்டு, அது முகவரிதான் தரும் என்று மற்ற கோப்புக்கு நீ சொல்லவே இல்லை. அங்கே கம்பைலர் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொண்டது. உன் பழைய கணினியில் எண்ணும் முகவரியும் ஒரே நீளம், அதனால் தவறு தெரியவில்லை. புதியதில் முகவரி இரண்டு மடங்கு நீளம். பாதி வெட்டுப்பட்டு, லெட்சு இல்லாத இடத்தில் போய்த் தேடி விழுந்தது. கம்பைலர் இதைத்தான் சொல்ல வந்தது. பிழை உன்னுடையது என்றால், அதை மூடி வைத்தவன் நான்.

அது தருவது முகவரி என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். பிழையென்று ஒன்றும் வரவில்லை. பக்கம் விரிந்தது. மேனேஜரின் கையெழுத்து, அதற்குக் கீழே தோட்டத்து முத்திரை. லெட்சுமி திரையைத் தொட்டுப் பார்த்தாள். இணையத்தில் நான் திட்டியவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வேறு யாரிடமும் கேட்பதாக இல்லை. நீ இருந்திருந்தால் உன் பிழையை ஒத்துக்கொண்டிருப்பாயா, என்னோடு சண்டைக்கு வந்திருப்பாயா?

அடுத்த வாரம் விசாரணை. நகல் செல்லாது என்பார்கள், கணினியில் ஜோடித்தது என்பார்கள். சொல்லட்டும். கணினியையே மேசைமேல் தூக்கி வைக்கிறேன். உன் டிஸ்கிலிருந்து, உன் புரோகிராமிலிருந்து, அவர்கள் கண் முன்னாலேயே கடிதத்தை விரிக்கிறேன். இன்னொரு முறை காட்டு என்றால் இன்னொரு முறை. நாளைக்கு வா என்றால் நாளைக்கும் போவேன். லெட்சுமியின் கையில் வீட்டுச் சாவி வரும்வரை எந்தத் தாளிலும் அவளைக் கையெழுத்துப் போட விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் லெட்சுமியின் அண்ணன்,
உன்னோடு இன்னும் சண்டை பாக்கி வைத்திருக்கும் மச்சான்,
கணபதி