டா, டி, ஆச்சு

மார்ச் 3

ஆபீஸ் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று "அக்கா" என்று ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். இந்த வேலைக்கு இன்டர்வியூ போனபோது "குட்மார்னிங் சார்"கூட மூன்று தடவைதான். நாளை வருகிறான். வருகிறாள்! கை பழைய பாதையிலேயே ஓடுகிறது.

இருபத்திரண்டு வருடம் நான் அண்ணா என்று கூப்பிட்ட ஆள், போன மாதம் வேலை பார்க்கும் ஊரிலிருந்து போனில் சொன்னாள்: "நான் பொண்ணுடி. சின்ன வயசுலேருந்தே." அம்மா அழுது முடித்துவிட்டாள். அப்பா வாயே திறக்கவில்லை. திருநங்கை என்றால் யார் என்று பரீட்சையில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியவள் நான். பக்கத்து அறையிலேயே ஒருத்தி இருந்தது தெரியவில்லை. வீட்டின் முதல் பட்டதாரியாம்!

மார்ச் 4

வந்துவிட்டாள்! மஞ்சள் சட்டை, நீளப் பின்னல். "அக்கா" சொல்ல வாயைத் திறந்தேன், "க்கா" மட்டும் வந்தது.

"என்னடி, காக்காயா?"

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். அம்மா தட்டை வைத்து, "சாப்பிடுடா... டி!" என்றாள்.

"டாடியா? அவர் இன்னும் சலூன்லேருந்து வரலையே!"

அப்பா வந்தார். முப்பது வருடமாக முடி வெட்டுகிறவரின் கண், நேராகப் பின்னலுக்குத்தான் போனது. "நுனி பிளந்திருக்கு." அவ்வளவுதான்.

மார்ச் 5

அவளுடைய லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி இந்த ஊர்க் கிளைக்கு வரச் சொல்கிறதாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "பொண்ணுன்னு சொல்ல அப்பாவுக்கு வாய் வரலைன்னா நான் அங்கேயே இருந்துக்கறேன். ஒரே வீட்ல முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்க முடியாதுடி."

அசட்டுக் கேள்வி எல்லாம் கேட்டேன்.

"பொண்ணுன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"நான் யோசிச்சதே இல்லையே."

"உன்னை யாரும் பொண்ணு இல்லைன்னு சொல்லலை. அதான்."

"அப்போ உனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்குமா?"

"யாரைப் பிடிக்கும்ங்கிறது வேற டிபார்ட்மென்ட். நான் யாருங்கிறது மட்டும்தான் இந்த கவுன்ட்டர்."

"ஆபரேஷன்..." என்று இழுத்தேன்.

"உன் உடம்பைப் பத்தி யாராவது உன்கிட்ட கேக்கறாங்களா?"

காது மடல் சுட்டது. மன்னிப்பு கேட்டேன். நறுக்கென்று தலையில் குட்டினாள். முதல் அக்கா குட்டு!

மார்ச் 6

அப்பாவின் தந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். "வந்தாச்சா? குளிச்சாச்சா? சாப்பிட்டாச்சா?" இரண்டு நாளாக எல்லாமே ஆச்சு! "வந்தானா" கேட்க மனமில்லை, "வந்தாளா" கேட்க வாயில்லை.

அக்காவிடம் சொன்னேன். "அவன்னு சொல்லலை இல்ல? பாதி வழி வந்தாச்சு" என்று சிரித்தாள். ஆனால் பையிலிருந்து ஒரு துணியைக்கூட எடுத்து அலமாரியில் வைக்கவில்லை.

மார்ச் 7

முதலில் இதை எழுதிவிடுகிறேன்!

மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு பக்கத்துக் கடைத் தையல்காரர். "என்னப்பா, உன் பையன் வந்திருக்கானாமே? என்னென்னமோ சொல்றாங்க."

அப்பாவின் கத்தி நின்றது. வந்தாச்சு என்று சொல்லித் தப்பிப்பாரா? கத்தியை நிதானமாகத் துடைத்தார்.

"பையன் இல்ல. பெரியவ வந்திருக்கா. அந்தா நிக்கறா பாரு, இவ சின்னவ."

"அது எப்படிப்பா—"

கத்தியை மறுபடி அவர் கழுத்தில் வைத்தார். "பேசாதே, வெட்டிக்கும்."

கழுத்தில் கத்தி இருக்கும்போது எவன் மறுத்துப் பேசுவான்!

வீட்டுக்கு ஓடினேன். நானா! நடு ரோட்டில்! "நான் சின்னவளாம்! இவ்வளவு நாளா வெறும் பொண்ணு! அப்பா சொல்லிட்டார், சின்னவளாம்!"

"அப்படின்னா பெரியவ யாருடி?" என்று கேட்ட அக்கா, கேட்ட வாய் மூடாமலே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 16

என் சீப்பைக் காணோம். அலமாரியில் பாதி இடத்தையும் காணோம். அக்காவுக்கு இங்கே கிளையில் இன்று முதல் நாள் வேலை, அவசரத்தில் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்! அப்பாவிடம் புகார் சொன்னேன்.

"அக்கா தங்கச்சி சண்டையில என்னை இழுக்காதீங்க" என்றார்.