அருவி வற்றியதற்கும் நானே காரணமாம்

தென்காசி,
5-8-1983

பம்பாய் மாநகரில் உத்தியோகம் பார்க்கும் அருமைப் புதல்வி செல்வி அகிலாண்டேஸ்வரிக்கு, அன்னை குழல்வாய்மொழி ஆசி கூறி வரைவது. திருக்குற்றாலநாதர் கிருபையினால் இவ்விடம் நானும் உன் தந்தையாரும் தேக சௌக்கியத்துடன் இருக்கிறோம். அவ்விடம் உன் தேக சௌக்கியத்தைக் காட்டிலும் மனச் சௌக்கியத்தை அறியவே பேராவல் கொண்டுள்ளேன். உன் கடிதம் கிடைத்தும் உடனே பதில் வரையாத பிழையை முதற்கண் பொறுத்தருள வேண்டும். தாமதத்திற்குக் காரணம் சோம்பல் அன்று. உனக்கு என்ன பதில் சொல்வதென்று அப்போது எனக்கே தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் பேனா என் கைக்கு முன்னால் ஓடுகிறது. உன் தந்தையார் எட்டிப் பார்த்து, "ஏட்டி, மகளுக்குக் கடுதாசி எழுதுதியா, கலெக்டருக்கு மனு எழுதுதியா?" என்று கேலி பேசுகிறார். பேசட்டும்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். சேர்ந்த புதிதில் உன் மேனேஜர் எல்லோர் முன்னும் உன்னை நிறுத்தி, இப்படி ஒரு பெண்ணை இந்த ஆபீஸ் கண்டதில்லை என்று புகழ்ந்தார் என்றும், பிறகு நீ பாடுபட்டுத் தயாரித்த விற்பனை அறிக்கையைத் தாம் தயாரித்ததாக முதலாளியிடம் நீட்டினார் என்றும், அதில் ஒரு பிழை வெளிப்பட்டபோது மட்டும் அது உன்னுடைய அறிக்கை ஆகிவிட்டது என்றும், நீ பேசும் இந்தியை அப்படியே பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, மாலையில் தனியே அழைத்து டீ வரவழைத்துக் கொடுத்து, என்னைத் தவிர உன்னை யார் வைத்துக்கொள்வார்கள் என்று கனிவாகச் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். அவையெல்லாம் கூட என்னை அவ்வளவு கலக்கவில்லை. ஆமதாபாத் கிளையில் உனக்கு மேல் உத்தியோகம் தரத் தலைமை அலுவலகமே முன்வந்திருக்க, நான் அதற்கு லாயக்கில்லை அம்மா, ஆகஸ்டு மாதக் கடைசிக்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று முடித்திருந்தாயே, அந்த வரியை வாசித்த அன்று அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன். ஏனென்றால் அது உன் வரி அன்று. அந்த வரியை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

இப்போது கேள். குற்றாலத்தில் நான் சமையற்கட்டை நிர்வகித்த லாட்ஜின் மேனேஜர் ஆறுமுகநயினாரை நீ அறிவாய். முதல் சீசனில் என் சொதிக் குழம்பை உண்டவர்களிடம், "இந்தக் கைக்காவவே மெட்ராஸ்ல இருந்து ஆள் வருதுய்யா" என்று என்னை வாசலுக்கே அழைத்துப் பெருமைப்படுத்தினார். அடுத்த சீசனில், "பக்குவம் பூரா நான் சொல்லிக்குடுத்ததுல்லா" என்றார். உப்பு ஒரு கல் கூடினாலோ, "ஆச்சிக்கு இப்ப கவனம் இங்கன இல்ல" என்று பந்தி நடுவே சொல்வார். நான் முகம் வாடி நின்றால் சாயங்காலம் மங்குஸ்தான் பழம் கொடுத்தனுப்புவார். நானும் எத்தனை நல்ல மனிதர் என்று உருகுவேன். கடைசியில், இத்தனை காலம் சமைத்த நான், உப்புப் பார்க்கக் கூட, அறைகளைத் துப்புரவு செய்யும் ஜைனபைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எதிர் லாட்ஜ்காரர்கள் போன வருடம் நல்ல சம்பளத்தில் அழைத்தபோது, "வெளிய போனா உங்கள யாரு சேப்பா?" என்று நயினார் கேட்ட ஒரு கேள்விக்கே, நான் அதற்கு லாயக்கில்லை என்று சொல்லி மறுத்து அனுப்பிவிட்டதையும் உனக்கு எழுதாமல் விட்டேன்.

இந்த வருடம் ஆனி பிறந்தும் சாரல் இல்லை. அருவியில் பாறைதான் தெரிந்தது. அறைகள் காலி. நயினார் எங்கள் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். "போன வருசம் நான் முன்ன நின்னு நடத்துனேன், தண்ணி கொட்டு கொட்டுனு கொட்டிச்சு. இந்த வருசம் ஆச்சி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு அடுப்படியில நிக்கி, பொறவு சாரல் எங்கன வரும்?" என்றார். அகிலா, நான் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன், ஒரு கணம் நான் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன்! மேற்கே மலையாளத்திலிருந்து வரவேண்டிய மழைக்கு என் முகத்தில் காரணம் தேடினேன்! அந்தக் கணத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. பின்னால் நின்ற ஜைனப், "யக்கா, அப்ப நீங்க சிரிச்சா அணை நெறைஞ்சிருமா? செத்த நேரம் சிரிங்க, ஊருக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள். நான் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நயினார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏச்சைத் தாங்குவார், சண்டையைத் தாங்குவார், அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. கதவை அறைந்துகொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் மங்குஸ்தான் வந்தது, கூடவே "ஆச்சி இல்லாம இந்த லாட்ஜ் உண்டா?" என்ற வார்த்தையும் வந்தது. முன்பு உருகியவள் இப்போது உருகவில்லை. ஏசும் வாயும் பழம் தரும் கையும் ஒரே ஆளுடையவை, இரண்டுமே என்னை அந்த அடுப்படியில் கட்டிப்போடத்தான் என்று தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே மகளே, உன் மேனேஜரை நான் நேரில் பாராமலே கண்டுகொண்டேன். இவர்கள் தமக்குத் தாமே தீபாராதனை காட்டிக்கொள்பவர்கள், மணி ஆட்ட மட்டும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நல்லது நடந்தால் அது அவர் செய்தது, கெட்டது நடந்தால் அது நீ செய்தது. கண்டிப்பான அதிகாரிகள் உண்டு, அவர்களை இவர்களோடு சேர்த்துவிடாதே. கண்டிப்பானவர் உன் தப்பைச் சொல்லுவார், நீ திருத்தினால் மகிழுவார். இவர் நீ திருத்தினால் வேறு தப்புத் தேடுவார். நீ எத்தனை நன்றாகச் செய்தாலும் இவருக்குப் போதாது, ஏனென்றால் குறை உன் வேலையில் இல்லை. அவரைத் திருத்தவும் புறப்படாதே, நியாயம் பேசி வெல்லவும் முயலாதே. புறப்படும் நாளில் ஒரு வணக்கம் சொல், அது போதும். நீ லாயக்கா இல்லையா என்பதை ஆமதாபாத்தில் உன் வேலை சொல்லட்டும்.

நான் போன வாரமே எதிர் லாட்ஜுக்கு மாறிவிட்டேன்! வெளியே போனால் யார் சேர்ப்பார் என்றாரே, தெருவைக் கடந்தேன், சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் சொதிக்கு உப்பு நானே பார்த்தேன், சரியாக இருந்தது. முந்தாநாள் விடியலில் சாரலும் பிடித்துவிட்டது, அருவி முழக்கம் கடைத்தெரு வரை கேட்கிறது. ஜைனப் ஈரச் சேலையோடு ஓடிவந்து, "யக்கா, நயினாரவுக லாட்ஜ் வாசல்ல நின்னு என்ன சொல்லுதாக தெரியுமா? அந்த ஆச்சி போச்சு, சாரல் வந்துட்டு பாத்தியளான்னு வாரவுக போறவுக கிட்டல்லாம் சொல்லுதாக" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. அருவியை அவரே வைத்துக்கொள்ளட்டும். கரண்டி என்னிடம் வந்துவிட்டது.

நீ எல்லாச் செல்வமும் பெற்று நிமிர்ந்த தலையோடு வாழ அன்னை உலகம்மனை வேண்டி ஆசீர்வதிக்கிறேன். பம்பாய் மழையில் நனைந்த தலையை நன்றாகத் துவட்டாமல் பின்னாதே. ஆமதாபாத் உத்தியோகத்திற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயா? மாதக் கடைசி வரை என்னைக் காக்க வைக்காமல் உடனே பதில் போடு.

இங்ஙனம்,
உன் அன்னை,
க. குழல்வாய்மொழி