சாட்சிக் குப்பி

மார்ச் 2, திங்கள்

பெட்டி கிளம்பிவிட்டது. நூற்றிருபது காகித அட்டைகள். ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சின்னக் கறுப்புப் பொட்டுகள், பொட்டுக்கு ஒரு குளவி. குளிரில் இருந்தால் ஒன்பதாம் தேதி வாக்கில் வெளியே வந்து, தக்காளிச் செடியை உறிஞ்சுகிற வெள்ளை ஈயைத் தேடிப் போய்க் கொல்லும். அதற்குள் பெட்டி எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

போன தடவை படிவத்தில் 'குளவி' என்று எழுதப்போய், விமானச் சரக்குக்காரர்கள் பெட்டியைத் தொடமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். கொட்டிவிடுமாம்! கொசுவில் பாதிகூட இல்லாதது யாரைக் கொட்டும்? இந்தத் தடவை கெட்டிக்காரத்தனமாக 'ஒட்டுண்ணி, உயிருள்ளது' என்று போட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதுதான் செல்லப்பெயர். எங்கள் டாக்டர் (பூச்சிப் படிப்பு டாக்டர், காய்ச்சலுக்கு உதவமாட்டார்) காலையில் வந்ததும் "என் ஒட்டுண்ணிங்க நல்லா இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பார்.

வழக்கம்போல அதே தொகுதியிலிருந்து ஓர் அட்டையைக் குப்பியில் போட்டு இங்கே வைத்துக்கொண்டேன். சாட்சிக் குப்பி. பெட்டி படுகிற பாட்டை இதுவும் பட வேண்டும். பெட்டிக்குள் எப்படி இருக்கிறது என்று இதைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

மார்ச் 3, செவ்வாய்

பத்து மணிக்குத் தக்காளியம்மா ஃபோன். பெட்டி அவருக்குத்தான் போகிறது. கணவர் போன பிறகு பசுமைக்குடிலைத் தனியாளாக நடத்துகிறார். தினமும் பத்து மணிக்குக் கூப்பிடுவார், நான் கடிகாரமே பார்ப்பதில்லை.

"மருந்தடிச்சு மூணு வாரம் ஆச்சு கண்ணு. நீ சொன்னேன்னுதான் நிறுத்தினேன். பக்கத்துக் குடில்காரர் என்னைப் பாத்து சிரிக்கிறாரு."

இலையில் மருந்து இருந்தால் குளவி செத்துவிடும். அதனால்தான் நிறுத்தச் சொன்னேன்.

மார்ச் 5, வியாழன்

பெட்டி மாட்டிக்கொண்டது. அந்த நாட்டு விமான நிலைய அதிகாரி கேட்கிறார்: "ஒட்டுண்ணின்னு போட்டிருக்கே, இது யார் உடம்புல ஒட்டும்?"

யார் உடம்பிலும் ஒட்டாது, வெள்ளை ஈயின் உடம்பில் மட்டும்தான் என்றேன். அனுமதிக் கடிதம் உள்ளேயே இருக்கிறது என்றேன்.

"பயிர்னா நாங்க பாப்போம். ஒட்டுண்ணின்னா நோய்ப் பிரிவு. பேப்பர் அங்க போயிடுச்சு. திருத்தக் கடிதம் அனுப்புங்க."

"பெட்டி எங்கங்க இருக்கு? குளிர்லயா?"

"மேசை மேல பத்திரமா இருக்கு. ஃபேன் கூட ஓடுது."

குளிர்பெட்டியிலிருந்து சாட்சிக் குப்பியை எடுத்து என் மேசைமேல் வைத்தேன். ஃபேனைப் போட்டேன்.

நானே எழுதியது. என் கையால். ஒரே ஒரு வார்த்தை.

வீட்டுக்கு வந்ததும் அத்தான், "வந்தாச்சுடி உன் தங்கச்சி, நம்ம வீட்டு ஒட்டுண்ணி!" என்றார். இரண்டு வருடமாக அக்கா வீட்டில்தான் இருக்கிறேன், வழக்கமான கேலிதான். இன்றைக்கு அழுதுவிட்டேன். அவர் பாவம், திருதிருவென்று விழித்தார்.

மார்ச் 6, வெள்ளி

டாக்டர் கையெழுத்தோடு கடிதம் போய்விட்டது. பத்து மணிக்கு: "இலையெல்லாம் பிசுபிசுன்னு கறுத்துப் போச்சு. மருந்தடிக்கட்டுமா, இருக்கட்டுமா? நீ சொல்லு."

டாக்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

இன்றைக்கு மருந்தடித்துவிட்டு நாளைக்குப் பெட்டி வந்தால்? அடிக்காமல் இருந்து பெட்டி வராமலே போனால்?

"ரெண்டு நாள் பொறுங்கம்மா" என்றேன். எதை நம்பிச் சொன்னேன்?

மார்ச் 7, சனி

குப்பியில் மூன்று வெளியே வந்துவிட்டன. இரண்டு நாள் முன்னதாகவே.

மார்ச் 8, ஞாயிறு

அங்கே விடுமுறை. இங்கேயும்தான். நான் மட்டும் கூடத்துக்குப் போனேன். குப்பி முழுக்கக் குளவிகள், கண்ணாடிமேல் ஏறுவதும் இறங்குவதுமாக. அலமாரியில் தேன் இருக்கிறது. மூடியில் ஒரு சொட்டுத் தடவினால் ஒரு வாரம் தாங்கும். தடவினால் அப்புறம் அது என்ன சாட்சி? அங்கே அந்த மேசையில் யார் தேன் வைக்கப்போகிறார்கள்?

வைக்கவில்லை. கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். வேற என்னதான் செய்யறது நான்?

மார்ச் 10, செவ்வாய்

குப்பியைத் தட்டினேன். ஒன்றும் எழவில்லை.

பத்து மணிக்கு ஃபோன் வந்தது. "இன்னும் வரலம்மா" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

மார்ச் 11, புதன்

பத்து மணி வரை அவர் பொறுக்கவில்லை. "பெட்டி வந்துடுச்சு கண்ணு! முத்திரையெல்லாம் குத்திக் குடுத்துட்டாங்க. விடியறப்பவே எல்லாச் செடியிலயும் அட்டையைக் கட்டிட்டேன்."

மேசைமேல் இருந்த குப்பியைக் கையில் எடுத்தேன்.

"ஒண்ணும் பறக்கலையே, வெயில் ஏறினா வருமா? பெட்டிக்கு அடியில கறுப்பா தூசி மாதிரி கிடக்கே, அது என்ன?"

"அதுதாம்மா குளவி."

குப்பியைக் கீழே வைத்துவிட்டு, "மருந்தடிச்சிடுங்க" என்றேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"நேத்துச் சொல்லியிருந்தாக்கூட..." அதோடு நிறுத்திவிட்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 19, வியாழன்

மருந்து கேட்கவில்லையாம். செடிகளைப் பிடுங்குகிறார்.

ஏப்ரல் 20, திங்கள்

இன்று வேறு ஊருக்கு ஒரு பெட்டி. படிவத்தை டாக்டரே நிரப்பினார், நான் கேட்டுக்கொண்டதால். ஒட்டுண்ணி என்ற சொல்லை இப்போது கூடத்தில் அவர்கூடச் சொல்வதில்லை.

பத்து மணிக்குப் பழக்கதோஷத்தில் ஃபோனை எடுத்து முன்னால் வைத்தேன். சாயங்காலம்தான் வந்தது, தக்காளியம்மாவிடமிருந்து. பக்கத்துக் குடிலில் கூலிக்குத் தக்காளி பறிக்கப் போகிறாராம். செடி நன்றாகக் காய்த்திருக்கிறதாம். மருந்து நெடிதான் கண்ணைக் கரிக்கிறதாம்.

"முன்ன மாதிரி பத்து மணிக்குப் பேச முடியாது கண்ணு. அந்நேரம் கூடை தூக்கணும்" என்றார்.