பெயர்கள் ஓடி முடியும்வரை

மலைக்குள் வேலை பார்க்கும் என் அன்பு மனைவிக்கு,

இங்கே நான் நலம். நம் பெண் வாலு தேவைக்கு மேலேயே நலம். ஃப்ரிட்ஜ் மட்டும் நலமில்லை, எந்நேரமும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறது. ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குச் சொந்த வீட்டு ஃப்ரிட்ஜைச் சரிபண்ணத் தெரியாதா என்று நீ கேட்பாய். அது வேறு வேலை, இது வேறு வேலை என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் கம்பெனி வேனில் வந்து சேர்ந்தது. போனில் சொல்லாமல் எழுதியது நல்லதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது வாலு என் காதுக்கும் போனுக்கும் நடுவில் தலையை விட்டுக்கொண்டுதான் நிற்கிறாள். பாதி நேரம் உன் குரலைவிட அவள் மூச்சுதான் எனக்குக் கேட்கிறது.

விஷயம் புரிந்தது. சுரங்கப்பாதையில் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டிருக்கிறது. பாறை மோசம். இந்த நேரத்தில் பாறையைப் பார்த்துச் சொல்கிற ஆளை மாற்றக்கூடாது என்கிறார்கள். ஒரு வருடம் என்று போன நீ இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டுமாம், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க, எனக்கு எதுவும் ஓடலை" என்று எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூட நான் முடிவு செய்ததில்லை. திடீரென்று இவ்வளவு பெரிய பதவியைக் கொடுத்தால் எப்படி? கொஞ்சம் பொறு. முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

வேலை வழக்கம்போல. செவ்வாய்க்கிழமை ஒரு ஹோட்டலில் பெரியவர் ஒருவர் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டார். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த மேனேஜர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "அஞ்சே நிமிஷம் சார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். உள்ளே இருப்பவரிடம் கைக்கடிகாரம் இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. அஞ்சு நிமிஷம் முடிந்ததும் பெரியவர் கதவை உதைக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான். மாட்டிக்கொண்டவரிடம் நேரம் சொல்லக்கூடாது. என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். "மேல போறேன், மெயினை அணைக்கிறேன், பிரேக்கை விடுறேன், பெட்டி லேசா ஆடும், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரமானாலும் மனுஷன் பொறுத்துக்கொள்வான். வெளியே சத்தமே இல்லாவிட்டால்தான் அவனுக்குப் பயம் வரும்.

வாலுவுக்கு இரட்டைப் பின்னல் போட எனக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் இருக்கிறது என்று அவள் வகுப்பு டீச்சர் சொன்னாராம். பிள்ளை தலையைச் சாய்த்து நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். சாக்ஸில் ஜோடி என்ற ஒன்று இனி நம் வீட்டில் கிடையாது. காலைச் சாப்பாடு முட்டை, ரொட்டி. மாறுதலுக்கு ரொட்டி, முட்டை.

நூலகத்தில் சனிக்கிழமை காலை நடக்கும் கதை எழுதும் வகுப்புக்குத் தவறாமல் போகிறேன். நான் வாலுவுக்காக எழுதிக்கொண்டிருக்கிற 'பாறைக்காரி' கதையை அங்கே வாசித்தேன். பாறையில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே எங்கே தண்ணீர் பதுங்கியிருக்கிறது, எங்கே விரிசல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். யாரைப் பார்த்து எழுதினேன் என்று நீ கேட்க வேண்டாம். முதுகில் பறக்கிற துணி ஒன்றை முதலில் கொடுத்திருந்தேன். வாலுதான் அதை எடுக்கச் சொன்னாள், லிஃப்ட் கதவில் மாட்டிக்கொள்ளுமாம். என் பிள்ளைதான், சந்தேகமில்லை. வகுப்பு எடுக்கும் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதுறீங்க, ஆனா எல்லாரையும் காப்பாத்திடுறீங்களே, யாரையாவது ஒருத்தரைக் காப்பாத்த முடியாம விடுங்க, அப்பதான் கதை" என்றார். என் வேலையில் அப்படி ஒருத்தரை விட்டால் மறுநாள் எனக்கு வேலை இருக்காது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் நாங்கள் இருவரும் தியேட்டருக்குப் போனோம். புதுப் படம். அதே பாலம், அதே வில்லன். ஒரு பக்கம் பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகள், இன்னொரு பக்கம் கதாநாயகியின் அம்மா, இரண்டும் ஒரே நேரத்தில் விழுகின்றன. கதாநாயகி பறந்து போய் இரண்டையும் காப்பாற்றிவிட்டாள். இப்படி நடக்காது என்று எனக்கும் தெரியும். அதற்காகத்தானே டிக்கெட் எடுத்து உள்ளே போகிறேன்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். நம் வீட்டு வழக்கப்படி, பெயர்களுக்குப் பிறகு வரும் கடைசி சீனுக்காக நாங்கள் எழுந்திருக்கவில்லை. கூட்டுகிற அம்மாவுக்கு நம்மைத் தெரியும். மற்ற வரிசைகளைக் கூட்டிவிட்டு, "இன்னொரு ஆளு எங்க?" என்று கேட்டார். வாலு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேலைக்குப் போயிருக்காங்க, பேர் ஓடி முடிஞ்சதும் வந்துடுவாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கிளம்பிய அன்று ஸ்டேஷனில் அவள் உன் பையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? "இது முடிவு இல்லடி, பேர் ஓடுற நேரம் அவ்ளோதான், நீ எந்திரிக்காம உக்காந்திரு, கடைசி சீன்ல அம்மா வந்துடுவேன்" என்றாய். அந்த நேரத்துக்கு அதைவிட நல்ல வார்த்தை யாருக்கும் வாய்த்திருக்காது. ஆனால் அதை அவள் சமாதானமாக எடுத்துக்கொள்ளவில்லை, வாக்காகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு வருடமும் அவள் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள்.

அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து பாறைக்காரி கதையும் நகரவில்லை. அடுத்த பாகம் எங்கே என்று தினமும் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நேரம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ தள்ளிப்போடுகிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது.

அன்புடன்,
இரட்டைப் பின்னல் நிபுணன்

*

அன்பு மனைவிக்கு,

போன கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. பதற வேண்டாம். வாலு நன்றாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு மற்றதைப் படி.

சனிக்கிழமை மதியம் ரொட்டி வாங்கக் கீழே போனவள் திரும்பி வரும்போது கரண்ட் போய்விட்டது. நம் கட்டடத்து லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. இந்த லிஃப்ட்டைப் பராமரிப்பது யார் என்று உனக்கே தெரியும், அதனால் அதைப் பற்றி மேலே பேச வேண்டாம். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் படியேறி ஓடிவந்து, "சார், நம்ம பாப்பா உள்ள" என்றார். ஈரக் கையோடு இறங்கினேன்.

மூன்றாம் மாடிக் கதவில் வாயை வைத்து, "அப்பா வந்துட்டேன்" என்றேன். "தெரியும், செருப்புச் சத்தம் கேட்டுச்சு" என்றாள். குரலில் பயமே இல்லை. நான்தான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறேன், ஒரு தடவையும் இப்படி ஆனதில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கதவைத் தொடாதே, மூலையில் உட்கார், அப்பா மேலே போய் மெயினை அணைக்கப்போகிறேன், வாட்ச்மேன் இங்கேயே நிற்பார் என்றேன்.

"அப்பா, போகாதீங்க, ஒண்ணு கேக்கணும்" என்றாள். கேள் என்றேன். "நீங்க ஏன் கதையை நிறுத்திட்டீங்க? அம்மா இப்போ வர மாட்டாங்கதானே?" என்றாள்.

வீட்டில் கேட்டிருந்தால் ஃப்ரிட்ஜைத் திறந்து எதையாவது தேடியிருப்பேன். வேலை இருக்கிறது என்று நழுவியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும். நடுவில் கதவு இருக்கும்போது என்னால் எங்கேயும் போக முடியாது என்று பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். வாட்ச்மேன் பாவம், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

உள்ளே மாட்டியிருப்பவரிடம் நேரம் சொல்லக்கூடாது. உள்ளதைச் சொன்னேன். அங்கே தண்ணீர் உடைத்துக்கொண்டது, பாறை சரியில்லை, எங்கே வெட்டலாம் எங்கே வெட்டக்கூடாது என்று அம்மாதான் பார்த்துச் சொல்கிறாள், அவள் பாதியில் வந்துவிட்டால் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து, அதனால் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை என்றேன். கதவுக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. அந்தப் பெரியவர் ஏன் கதவை உதைத்தார் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

கடைசியில், "உள்ள எத்தனை பேர் வேலை செய்றாங்க?" என்றாள். நிறையப் பேர் என்றேன். "அவங்களுக்கும் பாப்பா இருக்கா?" என்றாள். இருக்கும் என்றேன். "சரி, நீங்க மேல போங்க" என்றாள்.

மேலே மெஷின் ரூமுக்குப் போனேன். மெயினை அணைத்துவிட்டு, பிரேக்கை விட்டுச் சக்கரத்தைப் பிடித்தேன். உனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், பெட்டிக்கு எதிரே தொங்குகிற எடைதான் கனம். உள்ளே ஆள் குறைவாக இருந்தால் பெட்டி தானாகவே மேலே வரப் பார்க்கும், நாம் இழுக்க வேண்டியதில்லை, வேகமாகப் போகாமல் பிடித்துக்கொண்டால் போதும். அன்றைக்கு அது அவ்வளவு லேசாக வந்தது. நம் பெண் இவ்வளவு லேசா என்று நினைத்தேன். கயிற்றில் மூன்றாம் மாடிக்கான மஞ்சள் அடையாளம் வருவது கண்ணில் சரியாகத் தெரியவில்லை. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

இறங்கி வந்து கதவைத் திறந்தேன். மூலையில் சம்மணம் போட்டு, மடியில் ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத முகம் இல்லை. வா என்று கையை நீட்டினேன். எழுந்திருக்கவில்லை. "பேர் இன்னும் ஓடுதுப்பா" என்றாள்.

நான் என்ன செய்வேன்? உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்ட் வந்துவிட்டது. மூன்றாம் மாடித் தையல்கார அம்மா இரண்டு கையிலும் பையோடு வந்து எங்களைப் பார்த்து, "ரிப்பேரா?" என்றார். வாட்ச்மேன் எங்கள் சார்பில், "ஆமாம்மா, ரிப்பேர்தான், படியில போங்க" என்றார். அந்த மனிதருக்கு அடுத்த தடவை நீயே ஒரு நன்றி சொல்லிவிடு. வாலு ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள். வெறும் ரொட்டி. சாப்பிட்டு முடித்ததும் அவளாகவே எழுந்து, "அம்மாவுக்கு எழுதுங்க" என்றாள். என்ன எழுத என்று கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

முடிவு சொல்லச் சொன்னாய். எனக்கு நீ வர வேண்டும். அதை மறைக்கவில்லை. வாசல் பூட்டில் சாவி போடும்போதெல்லாம் உள்ளே நீ இருப்பாய் என்று ஒரு கணம் நினைக்கிறேன், இந்த ஒரு வருடத்தில் அது குறையவே இல்லை. ஆனால் நீ வந்து, அங்கே ஏதாவது ஆகிவிட்டால், நம் வீட்டில் எந்த நாற்காலியிலும் உன்னால் உட்கார முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். எனவே முடிவை உன்னிடமே திருப்பி அனுப்புகிறேன். சுவருக்கு நிறம் பார்த்துச் சொல்வது எப்போதும் நீதானே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருப்பதாக முடிவு செய்தால் அதை நீயே அவளிடம் சொல். எப்போது வருவேன் என்று சொல்லாதே. அந்த வாரம் எந்தப் பாறையைப் பார்த்தாய், எவ்வளவு தூரம் தோண்டினீர்கள், தண்ணீர் குறைந்ததா என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லு. அவள் பொறுத்துக்கொள்வாள், நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒரு ஞாயிறுகூடச் சத்தமில்லாமல் இருந்துவிடாதே.

பாறைக்காரி மறுபடி நகர ஆரம்பித்துவிட்டாள். இந்தப் பாகத்தை வாலு சொல்ல நான் எழுதுகிறேன். வகுப்பு அம்மா சொன்னபடி இதில் ஒருத்தரைக் காப்பாற்ற முடியாமல் விட்டுப் பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டேன். கூடாது என்றாள். எல்லாரையும் காப்பாற்றினால் வீட்டுக்கு வர லேட் ஆகுமே என்றேன். ஆகட்டும் என்றாள்.

நீ எங்கே இருந்தாலும் மலை உன்னிடம் நல்லபடியாக நடந்துகொள்ளட்டும். தண்ணீர் வருகிற பக்கம் நீ முதலில் போகாதே. போகத்தான் போகிறாய் என்று தெரியும். ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு போ. நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பக்கத்து சீட்டுக்காரன்