கனகா நிரப்பிக் கொடுத்த தண்ணீர்

20 ஜனவரி 2025, திங்கள்

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் பைப்புகளைத் தட்டிப் பார்த்து விரிசல் விட்டதைப் பிரிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், காதே சொல்லிவிடும். இன்று ஒன்றும் காதில் ஏறவில்லை. "இன்னாடா மதிவாணா, கேரவன்ல டூர் போன களைப்பா?" என்று கூட வேலை பார்க்கிற குருமூர்த்தி கிண்டல் பண்ணினான். சிரித்து வைத்தேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

கல்யாண நாளுக்குப் பூர்ணிமா ஆசைப்பட்டாள் என்று பாண்டிச்சேரியில் கேரவன் வாடகைக்கு எடுத்தேன். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. சனிக்கிழமை பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்தில் நிறுத்தினோம். இந்த மாதிரி வண்டிகள் வழக்கமாகத் தங்கும் ஊர். தங்குகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதுதான் அந்தக் குப்பத்துக் கனகாவுக்குப் பிழைப்பு. அவள் வைத்த எறால் தொக்கைப் பூர்ணிமா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கழிவுத் தொட்டி காலியாக இருக்கணும், அது கண்டிஷன். ஞாயிறு விடியற்காலை இடம் தேடிப் போனேன். தென்னைகளுக்கு நடுவே மணலில் அகலமான பழுப்புப் பைப்பு ஒன்று, வாய்க்குப் பலகை போட்டு மூடியிருந்தது. எங்க ஊர்ச் சரக்கு. நான் தட்டி அனுப்புகிற பைப்பு எல்லாம் போகிற இடம் ஒன்றுதான் — சாக்கடை. யாரையும் கேட்கவில்லை. தொட்டியின் ஹோஸை அதற்குள் விட்டுத் திறந்தேன். கொஞ்சம் இறங்கி நுரை பொங்கியதும் அடைத்துவிட்டேன்.

அரை மணி கழித்துக் கனகா அதே பைப்புக்குள் வாளி விடுகிறாள். அது அவர்கள் குடிக்கிற ஊற்று. உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது என்று இந்தப் பைப்பை இறக்கி மண் சரியாமல் வைத்திருக்கிறார்கள். "இன்னிக்கு ஒரு மாதிரி வாடை அடிக்குதே" என்று இரண்டு வாளியைக் கீழே கொட்டினாள். மூன்றாவதில் எங்கள் பாட்டிலை நிரப்பி நீட்டினாள். "வழிக்கு வச்சிக்குங்கண்ணே. இந்தச் சுத்துல எங்க ஊத்துத் தண்ணிதான் இனிக்கும்."

வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் தாண்டியதும் பாலத்தில் நிறுத்திக் கொட்டினேன். என் உயிர் மட்டும் வெல்லக்கட்டி.

21, செவ்வாய்

மணல் வடிகட்டிடும். ஒன்றும் ஆகியிருக்காது. — யாருக்குச் சொல்லிக்கொள்கிறேன்?

22, புதன்

கனகா போன் பண்ணினாள். "அண்ணே, உங்க வூட்ல எல்லாரும் நல்லாருக்கீங்களா? வயித்துக்கு ஒண்ணும் இல்லியே?"

ஊரில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்காம். அவள் மகள் வெண்பாவுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது. மீந்த தொக்கைக் கனகா அக்கம்பக்கம் கொடுத்திருக்கிறாள், அதுதான் காரணமென்று ஊரே அவளைத் திட்டுகிறது. "எறாலு புதுசுதாண்ணே. எங் கையில இன்னா அழுக்கு இருந்துச்சோ. மன்னிச்சிக்குங்க."

எங்கிட்ட மன்னிப்பு கேக்குறா. நான் இன்னா சொன்னேன்? "பரவால்லம்மா." பரவால்லியாம், த்தூ. தண்ணிய கொதிக்க வச்சி குடிங்கன்னு மட்டும் முணுமுணுத்தேன். அதுக்கு மேல வாய் வரல. மானங்கெட்டவன் நான்.

23, வியாழன்

பூர்ணிமாவிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "பாலத்துல கொட்டுறப்ப பாட்டில் அழுக்கா இருக்குதுன்னீங்க. எனக்கும் குடிக்கத் தரல. அப்ப தெரிஞ்சிதான் இருந்துருக்குது." கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "நேர்ல போயி சொல்லுங்க. போன்ல வேணாம்."

25, சனி

போனேன். மீன் ஏலக் கொட்டகையில் ஊர் கூடியிருந்தது. சொன்னேன். ஒருத்தர் சட்டையைப் பிடித்தார், இன்னொருவர் விலக்கிவிட்டார். ஊற்றை இறைக்கச் சொன்னார்கள். மத்தியானம் வரை இறைத்தேன், பிளீச்சிங் பவுடர் போட்டேன். கை கொப்பளித்துவிட்டது. வலித்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வெண்பா கனகா வீட்டு வாசல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து வயசுப் பிள்ளை, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. கனகா கத்தவில்லை. "நான் மொண்டப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே. எம் புள்ள அதுக்கப்புறம்தான குடிச்சா."

நான் கிளம்புவதற்குள் ஊர் முடிவு பண்ணிவிட்டது: இனி எந்த வண்டியும் அங்கே தங்கக் கூடாது.

16 பிப்ரவரி, ஞாயிறு

மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டு, காலையில் போன் பண்ணினேன். வெண்பா ஸ்கூலுக்குப் போகிறாளாம். ஊரில் யாரும் கனகாவை இப்போது ஒன்றும் சொல்வதில்லை. எறால் உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாளாம், ஞாயிறும் உண்டு. ஐஸில் கை மரத்துப்போகிறதாம்.

"நீங்க வந்து சொல்லலன்னா ஊரு என்னை சேத்திருக்காது. சொன்னதால வண்டி வராம போச்சி. ரெண்டுல எது வேணும்னு என்னை யாரும் கேக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்.

போனில் அவளுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. "கம்பெனி வேன் வந்துட்டுது, வச்சிடறேன்" என்றாள்.